கடலுக்குள் மோட்டார் சைக்கிள் வராது

நான் கடலில் விழுந்தது ஒரு செய்தியே இல்லை. கடலில் தொழில் செய்கிறவன் எப்போதாவது விழத்தான் செய்வான். விழுந்தவனைத் திரும்பப் படகுக்குள் ஏற்ற முடியாமல் போனதுதான் எங்கள் ஊர் தாழ்வுபாடு முழுக்கச் செய்தியாகிவிட்டது.

அன்றைக்குப் படகில் இரண்டு பேர். நானும் என் மனைவியின் தம்பியும். படகு எங்கள் இருவருக்கும் பொது. அவன் ஒல்லி. நான் அவனுக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறவன். வலை எங்கோ கல்லில் மாட்டி இறுகிவிட்டது. விளிம்பில் குனிந்து ஓர் இழுப்பு இழுத்தேன். வலை வரவில்லை, நான் போய்விட்டேன்.

நீந்துவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த உடம்பு தாழவேண்டும் என்றால்தான் கஷ்டப்பட வேண்டும். ஏறுவதுதான் வில்லங்கம். மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தான். படகு என் பக்கம் சரிந்து தண்ணீரை அள்ளியது. விட்டுவிட்டு மற்றப் பக்கம் வரச் சொன்னான். அங்கேயும் அதே கதை. கடைசியில் என் சாரத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். சாரம் மட்டும் படகுக்குள் போனது. உள்ளே காற்சட்டை போட்டிருந்தது என் தாய் செய்த புண்ணியம்.

"அத்தான், காலைத் தூக்கி உள்ளுக்குப் போடுங்கோ!"

"தூக்கக்கூடிய காலெண்டால் நான் ஏன்டா இஞ்சை மிதக்கிறன்?"

பிறகு என் கக்கத்துக்குக் கீழே கயிற்றைக் கட்டி, எஞ்சினை மெல்ல விட்டு, கரைப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனான். போகிற வழியில் எங்களூர்ப் படகு ஒன்று குறுக்கே வந்தது.

"டேய், என்னடா அது பின்னால? கடல்பசுவோ? நேவிக்காரன் கண்டால் கேஸ் போடுவான், அவிட்டு விடு!"

அந்தப் படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் உப்புத் தண்ணீரும் குடித்தேன். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தை நான் அப்போதே பார்த்திருக்க வேண்டும். எனக்கு எதுவும் பிந்தித்தான் விளங்கும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியாரும் இதைத்தான் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் விடியச் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனால், என் இடத்தில் வேறொருவன் நிற்கிறான். மச்சான் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனான்.

"அத்தான், கோவிக்கப்பிடாது. கொஞ்ச நாளைக்கு நீங்கள் கரையில நில்லுங்கோ."

"ஏன், என்னைக் கண்டு மீன் பயப்பிடுதோ?"

"பகிடி விடாதேங்கோ. தனிய என்னால உங்களைத் தூக்க ஏலாது. கரைக்குக் கிட்ட விழுந்தபடியால் நேற்றுத் தப்பினியள். தண்ணிக்குள்ள இருந்து நீங்களாய் எப்ப ஏறுறியளோ, அப்ப நான் உங்களை ஏத்துறன். சோளகக் காத்து முடிஞ்சு வாடைத் தொழில் தொடங்கேக்க எனக்கு நிரந்தரமாய் ஒரு ஆள் வேணும். அது நீங்களோ இவனோ எண்டது உங்கட கையில."

"கையில இல்லை, வயித்தில எண்டு சொல்லு."

அவன் அதற்கும் சிரிக்கவில்லை. என் பங்கு மீன் வழமைபோல வீட்டுக்கு வரும் என்றான். வந்தது. நான் மட்டும்தான் போகக்கூடாது.

கரையில் நிற்பது என்பது என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. கடல்காரன் கரையில் சும்மா இருந்தால் அவனுக்கு உடம்பில் எறும்பு ஊரும். காலையில் வாசலுக்குப் போவேன், திரும்புவேன். கதிரையில் இருப்பேன், கதிரை அழும், எழும்புவேன். எங்கள் எஞ்சினுக்கு ஓர் இருமல் உண்டு, நூறு படகுக்குள்ளும் எனக்கு அது தெரியும். படகுகள் திரும்பும் நேரம் நெருங்கினால் காது தானாகக் கடல் பக்கம் போய்விடும். கால் குசினிப் பக்கம் போய்விடும். ஏன் அப்படி என்று கேட்காதீர்கள். இருமல் கேட்கும்வரை ஏதாவது ஒன்றை மென்றுகொண்டிருக்க வேண்டும். பழைய சோறு, பாண், நேற்றைய குழம்பு, கருவாட்டுப் பொரியல், எது அகப்பட்டாலும் சரி. எஞ்சின் சத்தம் கேட்டதும் நிறுத்துவேன். அதற்குள் பானையில் நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது.

உடம்பைக் குறைக்கத் தீர்மானித்தவன் முதலில் அது எவ்வளவு என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் மீனை வாங்கும் நானாவின் மீன் வாடியில் மீன் பெட்டி நிறுக்கும் பெரிய தராசு ஒன்று இருக்கிறது. நானா முஸ்லிம், என்னைவிட மூத்தவர், ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மீன் ஏலம் முடியட்டும் என்று காத்திருந்து ஏறினேன். ஏலம் முடியவில்லை, என்னோடுதான் திரும்பத் தொடங்கியது.

"பாருங்க, பெரிய திருக்கை ஒண்டு வந்திருக்கு! ஆரு கேக்கிறீங்க?"

"நானா, செதில் இருக்கோ?" என்றான் ஒருவன்.

"குடலை எடுத்துப் போட்டுத்தான் நிறுக்கோணும், அதிலதான் பாதி நிறை," என்றான் இன்னொருவன்.

ஒருவரும் விலை கேட்கவில்லை. ஏலத்தில் விலைபோகாமல் இறங்கி வந்த ஒரே மீன் நான்தான். நிறை எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். அன்றைக்கு நானாவின் வாடிக்கு வந்த அறுக்குளா எல்லாவற்றையும் சேர்த்தாலும் என்னிடம் வராது என்பதோடு விட்டுவிடுவோம்.

மனைவி என்னை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிரஷரும் கூட, சீனியும் கூட. என்னிடம் குறைவாக இருந்தது மூச்சு ஒன்றுதான். அங்கே இருந்த தாதி, நாங்கள் மிஸி என்போம், நல்ல பிள்ளை. சோறு ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி, நாளாந்தம் நடை, இனிப்புத் தேத்தண்ணி வேண்டாம் என்றாள்.

"மிஸி, கைப்பிடியெண்டால் ஆற்ற கை?" என்று கேட்டேன்.

"உங்கட கைதான் ஐயா."

நான் என் கையை விரித்துக் காட்டினேன். வலை இழுத்து இழுத்து அது துடுப்புபோல ஆகியிருக்கிறது. மிஸி அதைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள்.

"அக்கா, உங்கட கையால அளவுங்கோ."

என் மனைவியின் கை எவ்வளவு சின்னது என்பதை, கல்யாணம் முடித்து இத்தனை வருடங்களுக்குப் பிறகு, அன்றைக்கு மத்தியானம்தான் நான் கண்டேன். தட்டில் சோற்றைத் தேடவேண்டி இருந்தது.

அடுத்ததாகத் தவக்காலம் வந்தது. அந்த வருடம் எங்கள் தவக்காலமும் முஸ்லிம் சனத்தின் நோன்பும் ஒன்றாகத் தொடங்கின. எங்கள் வேதக்காரர் தவக்காலத்தில் ஒருசந்தி பிடிப்பார்கள். நாளுக்கு ஒரே ஒரு வேளைதான் வயிறு நிறையச் சாப்பாடு. நான் அதுவரை வெள்ளிக்கிழமையில்கூட ஒழுங்காகப் பிடித்தவன் இல்லை. இந்த முறை ஞாயிறு தவிர எல்லா நாளும் பிடிக்கிறேன் என்று அறிவித்தேன். மனைவி கண் கலங்கினாள். ஆண்டவருக்குச் செய்கிற காரியத்தில் கைப்பிடி அளவு பார்க்கக்கூடாது என்று அந்த ஒரு வேளைக்கு மட்டும் அளவை விட்டுவிட்டாள். அங்கேதான் எல்லாம் பிழையாகிப்போனது.

ஒரு வேளை என்றுதான் சட்டம். தட்டில் சோறு எவ்வளவு உயரம் என்று சட்டத்தில் இல்லை. காலையும் இரவும் சாப்பிடாததை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டேன். இறைச்சி கூடாது, மீன் கூடும். மீன்காரனுக்கு இதைவிட வசதியான தவம் கிடையாது. மூன்று வேளையையும் ஒரே இருப்பில் முடித்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழும்புவேன்.

பின்னேரம் ஆனால் வீட்டில் இருக்க முடியாது. இராச் சாப்பாடு இல்லாத வீட்டில் நேரம் நகராது. நானாவின் பக்கம் நடப்பேன்.

"தம்பி, வாங்க, நோன்பு துறக்க இருங்க," என்பார் நானா. கூப்பிட்டதற்கு மரியாதை செய்யாமல் வரலாமா? பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, சமோசா, ஒரு கிளாஸ் சர்பத். நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஆட்களுக்கு முன்னாலேயே நான் பாயில் இருப்பேன்.

"பாங்கு சொல்ல முந்திக் கைய வைக்காதீங்க தம்பி!"

"சூடு பாத்தனான் நானா."

இது எத்தனை நாளைக்கு மறைந்திருக்கும்? ஒரு பின்னேரம் என் சட்டையில் கஞ்சி வாசத்தை மனைவி பிடித்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, பகல் முழுக்க எங்கட ஒருசந்தி, பொழுதுபட்டால் அவையின்ர நோன்போ?"

"நோன்பு இல்லையப்பா. நோன்பு துறக்கிறது மட்டும்தான்."

உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் தராசில் ஏறினேன். கூடியிருந்தது. நானா தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, ரெண்டு மார்க்கத்து நோன்பையும் ஒண்டாப் பிடிச்சு நிறை கூடின ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வாடியில் மச்சானும் மீன் பெட்டியோடு நின்றான். அவனும் தராசைப் பார்த்தான். பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான். என் இடத்தில் நின்ற பெடியன் இப்போது வலையை மடிக்கும் விதமே மாறியிருந்தது. பழகிவிட்டான். அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. ஆனால் ருசி தெரியவில்லை.

நடப்போம் என்று முடிவெடுத்தேன். மிஸி சொன்னதில் இன்னும் நான் கெடுக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. முழங்கால் நோவைச் சொல்லவில்லை, அதுவும் உண்டுதான். இங்கே ஒருவனைச் சும்மா நடக்க விடமாட்டார்கள். மன்னார் வீதிக்கு ஏறி அரைக்கட்டை தூரம்கூடப் போகவில்லை, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"எங்கை அண்ணை போறியள்? ஏறுங்கோ."

"இல்லை, சும்மா நடக்கிறன்."

"சும்மாவோ? வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை. உடம்புக்கு."

"உடம்புக்கெண்டால் நடக்கப்பிடாது அண்ணை, வெயில். ஏறுங்கோ."

ஏறாவிட்டால் மனம் நோவான். ஏறினேன். பின் டயர் சப்பளிந்தது. அவன் இறக்கிவிட்ட இடம் தேத்தண்ணிக் கடை. இறக்கிவிட்டவனை ஒரு பிளேன்டீகூட வாங்கிக் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? வாங்கிக் கொடுத்துவிட்டு நான் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணெயில் பொரித்த வாய்ப்பன் இருந்தது. அதுவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது வேறொருவன் ஏற்றினான். அடுத்த நாள் ஓட்டோக்காரன். அதற்கு அடுத்த நாள் சைக்கிளில் வந்த ஒரு வயதான மனிதர் "பின்னால இரு மகன்" என்றார். அவருடைய உயிருக்குப் பயந்து அதை மட்டும் மறுத்தேன். ஒரு கிழமைக்குள் ஊரில் இரண்டு கதை உலாவியது. நான் என் மோட்டார் சைக்கிளை அடகு வைத்துவிட்டேன் என்பது ஒன்று. மனைவி என்னைத் துரத்திவிட்டாள் என்பது மற்றது. நடந்து நடந்து நான் அறிந்துகொண்டது, எந்தக் கடையில் வாய்ப்பன் நல்லது என்பது மட்டும்தான்.

வீதி சரிவராது என்று கடற்கரையோரம் நடந்தேன். ஈர மணலில் மோட்டார் சைக்கிள் ஓடும் என்பதை மறந்துவிட்டேன். ஒரு காலை, படகுகள் திரும்பும் நேரம், காது கடலில் கிடக்க நடந்துகொண்டிருக்கிறேன், பின்னால் எஞ்சின் சத்தம். கடலில் இருந்து அல்ல, மணலில் இருந்து. அதே முதல் நாள் ஆள்தான்.

"அண்ணை! நில்லுங்கோ, ஏத்திக்கொண்டு போறன்!"

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. சாரத்தைச் சண்டிக்கட்டாக மடித்துக் கட்டிக்கொண்டு நேரே கடலுக்குள் இறங்கிவிட்டேன். முழங்கால் அளவு, தொடை அளவு, இடுப்பளவு. அவன் அலை நுரையில் முன் டயரை வைத்துக்கொண்டு கத்தினான்.

"அண்ணை, அங்காலை எங்கை போறியள்?"

"இந்தியாவுக்கு!"

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு திருப்பிக்கொண்டு போய்விட்டான். நான் இடுப்பளவு தண்ணீரில், கரைக்குச் சமாந்தரமாக, மெல்ல நடக்கத் தொடங்கினேன்.

எங்கள் கரையில் நல்ல தூரத்துக்குக் கடல் ஆழமில்லை. அதற்குள் நடக்க ஒரு முறை உண்டு. காலைத் தூக்கி வைக்கக்கூடாது. மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். மிதித்தால் வாலால் குத்தும், அதன் வலியை நான் ஒரு முறை அனுபவித்திருக்கிறேன். மணலோடு உரசி உரசி, காலை இழுத்து இழுத்துத்தான் போகவேண்டும். அப்படிப் போனால் அது விலகி ஓடிவிடும். தண்ணீர் முன்னால் நின்று தள்ளும், மணல் கீழே பிடிக்கும். கொஞ்ச தூரத்திலேயே எனக்கு இளைத்துவிட்டது. ஆனால் முழங்கால் நோகவில்லை. வீதியில் என்னைத் தூக்கமாட்டேன் என்று அழுத முழங்கால், இங்கே பேசாமல் வந்தது. பாதி உடம்பைக் கடல் வாங்கிக்கொண்டது.

இன்னொன்றும் கவனித்தேன். கடலுக்குள் மோட்டார் சைக்கிள் வராது. தேத்தண்ணிக் கடை இல்லை. நோன்பு துறக்கக் கூப்பிட நானா இல்லை. சாரத்து மடிப்பில் வாய்ப்பன் வைத்தால் உப்பாகிவிடும். இத்தனை காலம் நான் தேடிய இடம் கண் முன்னால் கிடந்திருக்கிறது.

அப்போதுதான் எங்கள் எஞ்சின் இருமியது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். மச்சானின் படகு எனக்குக் கிட்டவாகவே போனது. என் வாய் எதையும் மெல்லவில்லை.

அடுத்த நாளும் அதே நேரத்துக்கு இறங்கினேன். அதற்கு அடுத்த நாளும். படகுகளைப் பார்த்துக்கொண்டு குசினியில் நிற்பதற்குப் பதிலாக, படகுகளைப் பார்த்துக்கொண்டு கடலில் நின்றேன். மனம் ஆறியது என்று சொல்லமாட்டேன். அதே எறும்புதான் ஊர்ந்தது. ஆனால் ஊருகிற எறும்போடு நடக்கலாம், இருக்கத்தான் முடியாது.

ஊர் சும்மா இருக்குமா? இடுப்பளவு தண்ணீரில் ஒரு தடித்த மனிதன் தலையைக் குனிந்துகொண்டு போகிறான் என்றால் ஆளுக்கொரு கதை. சங்கு தேடுகிறான் என்றார்கள் சிலர். கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டான் என்றார்கள். கடைசியாக யாரோ என் மனைவியிடம் போய், "உன்ர மனுசன் ஒவ்வொரு நாளும் கடலுக்குள்ள இறங்கி யோசிச்சுக்கொண்டு போறார், ஒருக்கால் போய்ப் பார்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவள் கரைக்கு ஓடி வந்தாள். கையில் அகப்பைகூட அப்படியே இருந்தது.

"இஞ்சருங்கோ! வெளியில வாங்கோ! கடவுளே, உங்களுக்கு நான் என்ன குறை வைச்சனான்?"

"சோறு குறைச்சு வைச்சனியடி!"

"அதுக்காகக் கடலில சாகிறதோ?"

"சாகேல்லையப்பா, நடக்கிறன்! இந்த உடம்பு தாழாது, அண்டைக்கே பாத்தாச்சு!"

அவள் மணலில் குந்திவிட்டாள். முதலில் அழுதாள், பிறகு அகப்பையால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கரையில் நின்ற சனமும் சிரித்தது. எழும்பிப் போகும்போது ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனாள்: உப்புத் தண்ணீர் ஒழுக ஒழுக யாரும் அவளுடைய குசினிக்குள் கால் வைக்கக்கூடாது.

அவள் நிலத்தைக் கழுவுகிற அலுப்பில் போட்ட சட்டம் அது. என்னைக் காப்பாற்றியது அதுதான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கடலால் வந்து, கிணற்றில் குளித்து, உடுப்பு மாற்றி, தலை துவட்டி முடிக்கும்போது, வாசலால் நேரே பானைக்குப் போகிற அந்தப் பேய்ப் பசி போயிருக்கும். அவளுடைய சின்னக் கையால் அளந்த சோறு அப்போது ஓரளவு சோறு மாதிரித் தெரியும். பசி அடங்காத நாட்களில் திரும்பவும் போய் நனைந்துகொண்டு வருவேன்.

சோளகக் காற்று எழும்பி எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் படகுகள் மன்னார்த் தீவின் மறுபக்கத்துக்கு மாறின. நானும் மாறினேன். அங்கே அந்தக் காலத்தில் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். அவ்வளவு தூரம் போவதற்கு வீதியில் நின்று கையைக் காட்டுவேன். ஊரே திகைத்துவிட்டது.

"இப்ப ஏறுறியளோ அண்ணை? எங்கை விட?"

"கடலுக்க விடு."

ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, நங்கூரம் போட்டுக் கிடக்கும் படகுகளில் ஏறிப் பழகினேன். கையை ஊன்றித் தம் பிடித்து எழும்பினால் நெஞ்சு வரும், வயிறு வராது. வயிறு விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். தொங்குவேன், வழுக்குவேன், விழுவேன். ஒரு நாள் அப்படித் தொங்கிக்கொண்டிருந்தபோது படகுக்குள் இருந்து ஒரு தலை எழும்பியது. நிழலுக்குப் படுத்திருந்த படகுக்காரர்.

"என்ன வேணும்?"

"ஒண்டுமில்லை. உங்கட போட் எவ்வளவு உயரமெண்டு பாத்தனான்."

கால் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கும் வரை ஏறமுடியாது என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. கால் இரண்டையும் பின்னால் நீட்டி, மேலுக்குக் கொண்டுவந்து, மீன் வாலடிப்பதுபோல அடித்துக்கொண்டு எழும்ப வேண்டும். அப்போது வயிறு விளிம்பில் முட்டாது, அதன் மேல் சறுக்கும். சறுக்குவதற்கு அது முந்திப்போல் பெரிதாகவும் இருக்கக்கூடாது. அது சிறுத்துக்கொண்டுதான் வந்தது. சாரத்தை முன்பு ஒரு சுற்றுத்தான் சுற்ற முடியும், இப்போது முடிச்சுக்குத் துணி மிச்சம் வந்தது. கிளினிக்கில் மிஸி பிரஷரை இரண்டு தரம் பார்த்தாள், கருவியில் பிழை என்று நினைத்து. தராசில் ஏறியபோது நானா, "இப்ப ஏலத்துக்கு விடலாம்," என்றார். நான் ஒல்லி ஆகிவிடவில்லை. இன்றும் கதிரை அழுகிறது, ஆனால் சத்தம் போட்டு அழுவதில்லை.

காற்று விழுந்தது. படகுகள் எங்கள் கரைக்குத் திரும்பின. ஒரு காலை நான் மச்சானின் முன்னால் போய் நின்றேன். சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோகவில்லை.

"ஏறுங்கோ," என்றான். அந்தப் பெடியனைக் கரையில் நிற்கச் சொன்னான்.

நான் விழுந்த இடத்துக்கே கொண்டுபோனான். அந்த இடத்தை அவன் மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எஞ்சினை நிறுத்தினான். சத்தம் இல்லாத கடல் எப்போதும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

"அத்தான், நான் கை தரமாட்டன். கேக்கவும் கூடாது."

"இந்த முறை சாரத்தைப் பிடிக்காமல் இருந்தால் காணும்," என்றுவிட்டுக் குதித்தேன்.

முதல் எழும்பலில் நெஞ்சு வந்தது. படகு சரிந்தது, விரல் வழுக்கியது, தண்ணீருக்குள் போய் வந்தேன். மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்றப் பக்க விளிம்பில் சாய்ந்து நின்றான். படகு சரியாமல் இருக்கப் பாரம் கொடுக்கிறான் என்று விளங்கியது. அது உதவி இல்லையாம். இரண்டாவது முறை கால் நீட்டவில்லை, அவசரப்பட்டுவிட்டேன். வயிறு முட்டியது. அப்படியே தொங்கினேன். மூச்சு எரிந்தது. பகிடி ஒன்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு ஏறாவிட்டால் இனி ஏற்றமாட்டான். அந்தப் பெடியன் கரையில் நிற்கிறான்.

விட்டேன். மிதந்தேன். காலைப் பின்னால் நீட்டினேன். தண்ணீர் மேல் இரண்டு காலும் வந்ததும், அடித்தேன். கரைக்குக்கூடக் கேட்டிருக்கும். நெஞ்சு வந்தது, வயிறு வந்தது, சறுக்கியது, பிறகு நான் முழுசாக உள்ளே தலைகீழாக வலைக் குவியலில் கிடந்தேன். காலில் ஒன்று எஞ்சின் மேல்.

எழும்பிப் பார்த்தால் மச்சான் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"அண்டைக்கு உங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போகேக்க," என்றான், "நீங்கள் சிரிச்சுக்கொண்டு வந்தனியள். நான் அக்காவுக்கு என்ன சொல்லுறதெண்டு யோசிச்சுக்கொண்டு போனனான். கயிறு அறுந்தால் என்ன சொல்லுறது. அதுக்குப் பிறகு அந்த நினைவு விடேல்லை."

நான் கலைத்துப்போட்ட வலையை ஒழுங்காக்கத் தொடங்கினேன். "அந்தப் பெடியனுக்கு என்ன சொல்லப் போறாய்?" என்று கேட்டேன்.

"அவனும் வரட்டும். மூண்டு பேர் போகலாம். இப்பதான் போட்டில இடம் இருக்கே."

அதுதான் அவன் எனக்கு வாழ்நாளில் விட்ட முதல் பகிடி. வலையைக் கடலில் விட்டு, பிறகு அதன் முனையை என் கையில் தந்தான். இழுத்தோம். மீன் பெரிதாக இல்லை.

திரும்பி வரும்போது, கரைக்கு இன்னும் நல்ல தூரம் இருக்க, என் கால் அரிக்கத் தொடங்கியது. எறும்பு. இத்தனை மாதமாக அந்த நேரத்துக்குத் தண்ணீருக்குள் நின்ற கால் அல்லவா, படகில் சும்மா இருக்க அதற்குத் தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீர் வந்ததும் விளிம்பால் இறங்கிவிட்டேன்.

"என்னத்தான், எங்கை போறியள்? ஏறுங்கோ, கரையில இறக்கிவிடுறன்!"

"நீ போ. நான் நடந்து வாறன்."

எஞ்சின் இருமிக்கொண்டு முன்னால் போனது. நான் காலை மணலோடு உரசி உரசி அதன் பின்னால் போனேன்.